வேம்பு கேட்ட நாஷ்டா

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை, சென்னைத் துறைமுகத்து இரும்புக்கல் யார்டுக்குள் நான் நுழைந்ததும் ஒரு பெண் குரல் என்னை நிறுத்தியது.

"இன்னா நைனா, நாஷ்டா ஆச்சா?"

1951 ஆனி மாதம். எனக்கு அந்தச் சொல் புதிது. மதுராந்தகத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் காலையில் கூழ் குடிப்போம். அதற்கென்று தனிப் பெயர் கிடையாது. நானோ எங்கள் ஊரின் முதல் பி.ஏ. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏதோ சாப்பாட்டு விஷயம் என்று குத்துமதிப்பாகப் பிடித்துக்கொண்டு, "ஆச்சு" என்றேன்.

"மூஞ்சியப் பாத்தா ஆன மாதிரி தெரியலியே" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சும்மாட்டைச் சரிசெய்து கூடையைத் தலையில் ஏற்றினாள். அவள்தான் வேம்பு. வயது முப்பத்தைந்து இருக்கும். குள்ளம். கழுத்து மட்டும் தூண் மாதிரி. காது மடல், இமை, பல்லிடுக்கு எல்லாம் இரும்புக்கல்லின் செம்மண் நிறம் ஏறிப்போயிருந்தது.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் அந்தச் சொல் இல்லாமல் ஒரு காலைப்பொழுது விடியாது என்பது ஒரு வாரத்திலேயே எனக்குப் புரிந்தது. இட்லி நாஷ்டா, ஆப்பம் நாஷ்டா, பழைய சோறும் நாஷ்டா. "நாஷ்டாவுக்கு அப்பால வா" என்றால் அது கடிகார நேரம். மேஸ்திரியிடம் வசமாகத் திட்டு வாங்கியவனைப் பார்த்து, "இன்னிக்கு உனுக்கு அதான் நாஷ்டா" என்பார்கள். கிரேன் ஓட்டுகிற தஸ்தகீர் உருது பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். "எங்க வூட்டுச் சொல்லு சார் அது, ஊரே எடுத்துக்கிச்சு" என்று சிரிப்பார்.

இத்தனை பேர் வாயிலும் புழங்கிய அந்த நாஷ்டா, யார்டில் கூடை தூக்கிய இருபது பெண்களுக்கு மட்டும் இல்லை. வேம்புவின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரயில் வேகன்களில் இரும்புக்கல், அதாவது இரும்புத் தாது, வரும். ஆண்கள் அதை இறக்கி மண்வெட்டியால் கூடைகளில் நிரப்புவார்கள். பெண்கள் கூடையைத் தலையில் ஏற்றி எண்பது அடி நடந்து, ஒரு சாய்வுப் பலகை ஏறி, பெரிய இரும்புத் தொட்டிக்குள் கொட்டிவிட்டு, மறுபக்கப் பலகை வழியாக இறங்கித் திரும்புவார்கள். தொட்டி நிறைந்ததும் தஸ்தகீரின் கிரேன் அதைத் தூக்கிக் கப்பலுக்குள் கவிழ்க்கும். இருபது பெண்களும் செக்கு சுற்றுவது போல ஒருவர் பின் ஒருவராகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். முன்னால் நடப்பவளுக்கு முன்கூடை என்று பெயர். அவள் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். அவளைத் தாண்டி ஒருத்தியும் போக மாட்டாள். போனால் பலகையில் மோதிக்கொண்டு விழ வேண்டியதுதான். ஏழு வருஷமாக முன்கூடை வேம்பு.

காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிற வேலை ஒன்பதேகாலுக்கு அரைமணி நேரம் நிற்கும். காலி வேகன்களை இழுத்துப் போய்விட்டு நிறைந்த வேகன்களைக் கொண்டுவந்து நிறுத்தும் நேரம் அது. தஸ்தகீர் கிரேனிலிருந்து இறங்குவார். மண்வெட்டிக்காரர்கள் கை கழுவுவார்கள். மேஸ்திரி சுப்புராயன், "நாஷ்டா!" என்று ஒரு குரல் கொடுப்பார். ஆண்கள் எல்லோரும் நிழலுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் துடைப்பத்தை எடுப்பார்கள். வழியெல்லாம் சிந்திக் கிடக்கிற கல்லையும் தூளையும் கூட்டி அள்ளுவது அவர்கள் வேலை. அவர்கள் தூக்குப்போணியைத் திறப்பது பன்னிரண்டு மணிச் சங்குக்குத்தான்.

எந்தச் சட்டத்திலும் இது இல்லை. "கூட்டறது பொம்பள வேலை" என்று யாரோ ஒரு மேஸ்திரி என்றைக்கோ சொன்னது அப்படியே நின்றுவிட்டது.

வேம்புவின் வீடு கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில் பாதை ஓரத்துக் குடிசை. புருஷன் நீலமேகம் கைவண்டி இழுத்தவர். கூட்ஸ் ஷெட்டில் ஒரு மூட்டை அடுக்கு சரிந்து இடுப்பு போனபின் வீட்டோடு உட்கார்ந்து கோணிப்பை தைத்தார். மூன்று பிள்ளைகள். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே பெட்டி படுக்கையோடு ஓடியபோது, படுத்த புருஷனைத் தூக்கிக்கொண்டு ஓட வண்டி கிடைக்கவில்லை. ஆள் இல்லாமல் துறைமுகம் தவித்தது. அப்போதுதான் முதன்முதலாகக் கூடையைத் தலையில் ஏற்றினாள்.

"குண்டு போட்டா இங்கயும் சாவுதான், ஊர்ல பட்னி கெடந்தாலும் சாவுதான். துன்னுட்டுச் சாவலாம்னு வந்தேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் அவள் தின்றாளா என்றால் இல்லை. தண்ணீர்க் குழாய் வரிசை, அடுப்பு, புருஷனுக்குக் கஞ்சி, பிள்ளைகளுக்குக் களி. எல்லாம் முடித்து, மேஸ்திரி அன்றாடம் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் கேட்டில் ஐந்தரைக்கு நிற்க வேண்டும். விடியுமுன் தொண்டையில் எதுவும் இறங்காது. இருபது பேருக்கும் இதே கதைதான். நூற்றுக்கணக்கில் நடை நடந்து பன்னிரண்டு மணிக்குப் போணியைத் திறக்கும்போது பசி செத்துப்போயிருக்கும்.

ஆடி மாதம் ஒரு நாள் குணசுந்தரி பலகையிலிருந்து விழுந்தாள். கூட்டத்திலேயே சின்னவள், கல்யாணமாகி ஒரு வருஷம். கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முன்பல் ஒன்று போயிற்று. வேம்பு ஓடிப்போய் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"கண்ணு இருட்டிக்கிச்சுக்கா."

"காத்தாலருந்து இன்னா துன்ன?"

குணசுந்தரி கையை விரித்தாள். சுப்புராயன் வந்து பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. கப்பல் நிற்கக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. "வூட்லயே நல்லா துன்னுட்டு வரவேண்டியதுதானே? வேலைக்கு வந்து மயங்கிக்கினா நான் இன்னா செய்யறது?" என்றார்.

வேம்பு எழுந்தாள். "ஆம்பளைங்க வூட்ல துன்னுட்டா வராங்க? அவங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு நாஷ்டா? எங்களுக்கும் வோணும் மேஸ்திரி."

"அப்ப யாரு கூட்டறது? உங்க அப்பனா வந்து கூட்டுவான்?"

"எங்கப்பன் செத்து எட்டு வருசம் ஆவுது. உயிரோட கீறவங்களப் பத்திப் பேசு."

அன்று மாலை அவள் என்னிடம் வந்தாள். கம்பெனி மேனேஜருக்கு ஒரு மனு எழுத வேண்டும். எத்தனை தொட்டி ஏறியது, வேலை எப்போது நின்றது, ஏன் நின்றது என்று தினமும் தாளில் எழுதுவதுதான் யார்டில் என் உத்தியோகம். என் தமிழை எல்லாம் கொட்டி எழுத ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. 'மகளிர் தொழிலாளர்களாகிய எங்களுக்கும் முற்பகல் வேளையில் சிற்றுண்டி வழங்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்' என்று எழுதி, இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன். அவர்களுக்குப் புரியவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருந்தது. இருபது பேரும் கைநாட்டு வைத்தார்கள்.

பத்தாவது நாள் மனு பலித்தது. ஒன்பதேகாலுக்கு ஆபீஸ் பியூன் ஒரு கூடை நிறைய பன் கொண்டுவந்தான். ஆளுக்கு ஒன்று. கூட்டிக்கொண்டே தின்னலாம், வேலையை நிறுத்த வேண்டியதில்லை என்று மேனேஜர் உத்தரவாம்.

இடது கையில் துடைப்பம், வலது கையில் பன். விரல் பட்ட இடமெல்லாம் பன் சிவந்தது. சிவந்தி என்ற பெண் ஒரு கடி கடித்துவிட்டு, "தூ, பல்லுல கல்லு அரைபடுது" என்று துப்பினாள். வேம்பு தன் பன்னைப் பியூனின் கூடையிலேயே போட்டாள். மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள். பிறகு அவள் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"இன்னா நைனா எய்தின நீ?"

"சிற்றுண்டி கேட்டு எழுதினேன். கொடுத்திருக்கிறார்களே."

"துன்ற பொருளயா கேட்டோம் நாங்க? என் போணியில கூழு கீது, கருவாடு கீது. வண்டி மாடு கூட நொகத்தக் கயட்டினாதான் தீனி துன்னும். குந்தி, கைய கால கயுவிகினு, நாலு வார்த்த பேசிகினு துன்றதுக்குப் பேருதான் நாஷ்டா. நேரத்தக் கேளுன்னா ரொட்டியக் கேட்டு வாங்கிக் குடுத்துகீறே!"

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நாஷ்டா கொச்சைச் சொல், எழுத்தில் வரக்கூடாது என்று நான் நினைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு நல்ல தமிழ் போட்டதில், அவர்கள் கேட்ட அரைமணி நேரம் மனுவிலிருந்தே கழன்று போயிருந்தது.

ரோஷம் தாங்காமல் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசகசாலைக்குப் போனேன். தஸ்தகீரும் கூட வந்தார். உருது அகராதியில் தேடி அவரே படித்துச் சொன்னார். பாரசீகத்திலிருந்து வந்த சொல்லாம். முதலில் அது சாப்பாட்டின் பெயரே இல்லை. விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு இருப்பதற்குத்தான் நாஷ்டா என்று பெயர். அந்த வெறும் வயிற்றில் விழும் முதல் உணவுக்கு அந்தப் பெயர் பிற்பாடு ஏறிக்கொண்டது. பட்டாளத்துக்காரர்கள், குதிரைக்காரர்கள், கப்பல்காரர்கள் வாய் வழியாகச் சென்னைக்கு வந்து, துறைமுகத்தில் அது நேரமாகவும் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை இதை வேம்புவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"துன்னாம இருக்கறதா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "அத்தக் கண்டுபிடிக்க புக்கா? துன்னாத வந்தவளுக்குத்தான் நாஷ்டா. துன்னவனுக்கு இன்னாத்துக்கு?" பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இனிமே மனு எய்தாதே நைனா. நான் பாத்துக்கறேன்."

மறுநாளிலிருந்து சுற்றில் ஒரு மாற்றம் வந்தது. கொட்டிவிட்டுத் திரும்பி இறங்கும்போது, ஒவ்வொரு பெண்ணும் காலியான கூடையோடு இரண்டு இடத்தில் குனிந்தாள். சிந்தின கல்லைக் கையால் வழித்துப் போட்டுக்கொண்டு நடந்தாள். தலைச்சுமைக்கு நடுவே இந்தக் குனிதல் லேசான காரியமில்லை. முதல் நாள் முடிந்தபோது, கூட்டத்தில் மூத்தவளான கெங்கம்மாவுக்கு இடுப்பு நிமிரவில்லை.

"வோணாம் வேம்பு, உசுரு போவுது" என்றாள்.

"நாலு நாளு பொறு. இடுப்பு பயகிக்கும்."

நான்காம் நாள் ஒன்பதேகாலுக்கு சுப்புராயன் ஆண்களுக்கு "நாஷ்டா!" என்று குரல் கொடுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார். தரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கூட்ட ஒன்றுமில்லை. இருபது பெண்களும் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். வேம்பு சுவர் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போணியைத் திறந்தாள்.

நிழலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் இட்லியை வாயில் போடாமல் வேடிக்கை பார்த்தார்கள். அது சுப்புராயனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். நிரப்பி வைத்திருந்த ஒரு கூடையைக் காலால் எட்டி உதைத்தார். இன்னொன்று. மூன்றாவது. கல் உருண்டு நாலா பக்கமும் ஓடியது.

"இப்ப கீது பாரு வேலை. கூட்டு."

ஒருத்தியும் அசையவில்லை. எல்லோரும் வேம்புவைப் பார்த்தார்கள். அவள் கூழில் கையை விட்டுக் கரைத்தாள்.

"ஒதைச்சவங்க யாரோ அவங்க கூட்டட்டும். நான் துன்னுகினு கீறேன்."

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள். சுப்புராயனின் கழுத்து நரம்பு புடைத்தது. "நாளைக்கு கேட்டுல உன் பேரக் கூப்புட மாட்டேன். உன்னைப் போல நூறு பேரு நிக்கறாளுங்க வெளிய."

"நிக்கறாங்க" என்றாள் வேம்பு. போணியைக் காலி செய்து, கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் எழுந்தாள். மறுபடி வேலை தொடங்கியபோது அவள் சும்மாட்டை இரண்டு தடவை அவிழ்த்துச் சுற்றியதை நான் பார்த்தேன். வீட்டில் நாலு வாய் அந்தக் கூடையை நம்பி இருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு கேட்டில் பெயர் கூப்பிட்டார்கள். கெங்கம்மா, சிவந்தி, குணசுந்தரி என்று பத்தொன்பது பெயர். இருபதாவதாக, ஓரமாக நின்ற புதுப் பெண் ஒருத்தியைக் கைகாட்டி உள்ளே அழைத்தார் சுப்புராயன். வேம்பு வெளியே நின்றாள். உள்ளே போன பெண்களிடம் அவள் ஏதாவது சொன்னாளா என்று பிற்பாடு பலர் என்னைக் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆறு மணி. கூடைகள் நிரம்பின. பெண்கள் தூக்கித் தலையில் வைத்தார்கள். வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நடங்களேன்!" என்று கத்தினார் சுப்புராயன்.

"முன்கூடை எங்க?" என்றாள் சிவந்தி.

"நீயே முன்னால போ."

"நானா? எனக்கு வழி தெரியாதே மேஸ்திரி."

எண்பது அடி. ஆறு வருஷமாக அவள் நடந்த வழி. தஸ்தகீர் கிரேன் மேலிருந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கெங்கம்மா, நீ போ."

"எனுக்குக் கண்ணு சரியாத் தெரியல நைனா. பலகையில வுயுந்துட்டா பல்லு பூடும். அந்தப் பொண்ணுக்குப் பூட்ச்சு பாத்தியா?"

குணசுந்தரி வாயைத் திறந்து பல் போன இடத்தை மேஸ்திரிக்குக் காட்டினாள்.

புதுப் பெண்ணைப் பிடித்து முன்னால் தள்ளினார். அவள் பாவம், நாலடி நடந்து திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவரும் வரவில்லை. "யாரும் வரலியே" என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டாள்.

அவர்கள் வேலையை மறுக்கவில்லை. தலையில் சுமையோடு, சொன்ன இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அரைமணி ஆயிற்று. கழுத்துகள் நடுங்கின. ஒருத்தியும் கூடையை இறக்கவில்லை. கப்பலிலிருந்து ஆள் வந்து என்ன தாமதம் என்று கேட்டான். பிறகு மேனேஜரே வந்தார். சுப்புராயன் சொன்னதைக் கேட்டார். கப்பலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், காலித் தொட்டியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் ஜெயவேல், போய் அந்த அம்மாவை அழைத்து வாரும்."

ஓடினேன். கேட்டுக்கு வெளியே, சைக்கிள்கள் சாத்தியிருக்கும் சுவரோரம் வேம்பு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வேம்பக்கா, மேனேஜர் கூப்பிடுகிறார். சீக்கிரம் வாங்க. எல்லாரும் சுமையோடு நிக்கறாங்க."

சுமையோடு நிற்கிறார்கள் என்றதும் அவள் கண் கலங்கியது. போணியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எறக்கி வெக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. துன்னுட்டு வரேன்."

"மேனேஜர் காத்திருக்கிறாரு."

"காத்திருக்கட்டும். நைனா, நான் எய்ந்து இப்பவே ஓடி வந்தன்னு வெச்சுக்கோ, நாளைக்கும் அரை வயிறோடதான் ஓடிவரணும். நீ போய் சொல்லு."

போய்ச் சொன்னேன். பத்தொன்பது கூடையும் ஒரே சமயத்தில் தரைக்கு இறங்கின. அவள் வந்து சேர இன்னும் கால்மணி ஆயிற்று. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உனக்கு என்னம்மா வேண்டும்?"

"ஒம்போதேகாலுக்கு ஆம்பளைங்களுக்கு நாஷ்டா வுடறாங்க. அதே நேரம், அதே அளவு, எங்களுக்கு. தரைய நாங்க நடந்துகினே சுத்தமா வெச்சிக்கறோம். நாலு நாளா வெச்சுகீறோம், மேஸ்திரியையே கேளுங்க."

மேனேஜர் சுப்புராயனைப் பார்த்தார். சுப்புராயன் தரையைப் பார்த்தார். பிறகு, அது அவருடைய குணம், உள்ளதைச் சொன்னார். "சுத்தமாத்தான் சார் கீது. தொட்டியும் கொறையல."

"அப்படியானால் எடுத்துக்கொள்ளட்டும்" என்றார் மேனேஜர். திரும்பி நடந்தவரை வேம்பு விடவில்லை.

"வாயால சொன்னது பத்தாது சார். தாள்ல எய்தணும். அந்தப் பேரு போட்டே எய்தணும். வேற பேரு போட்டா ரொட்டி வருது."

மேனேஜர் தலையசைத்ததும், 'ஒன்பதேகாலுக்குப் பெண்களுக்கும் நாஷ்டா' என்று அன்றைய தாளில் எழுதினேன். அந்தப் புதுப் பெண்ணையும் சேர்த்து அன்று இருபத்தொரு கூடை நடந்தது. அவளை அனுப்ப வேம்பு விடவில்லை. அதே தாளில் வேலை நின்ற நேரத்துக்கு எதிரே காரணம் எழுதும் கட்டம் ஒன்று உண்டு. காலை ஆறிலிருந்து ஏழு வரை நின்றதற்கு என்ன எழுதுவது என்று மேனேஜரைக் கேட்டேன். உமக்குத் தோன்றியதை எழுதும் என்று எரிச்சலோடு சொல்லிவிட்டுப் போனார். 'முன்கூடை நாஷ்டா' என்று எழுதினேன். கீழே மேனேஜர் கையெழுத்துப் போட்டார். படித்தாரோ இல்லையோ தெரியாது.

ஒன்பதேகாலுக்கு வேகன்கள் நகரத் தொடங்கின. சுப்புராயன் ஆண்கள் பக்கம் பார்த்து ஒரு தடவை, "நாஷ்டா!" என்றார். கொஞ்சம் தயங்கினார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, சற்றுச் சின்னக் குரலில் இன்னொரு தடவை சொன்னார்.

வேம்பு கூடையை இறக்கவில்லை. பலகையடியில் அப்படியே நின்றாள். பின்னால் இருபது கூடை நின்றது.

"இன்னா மேஸ்திரி, பின்னால நிக்கறவளுக்குக் காதுல வுயலியாம்" என்றாள். "இன்னொரு தபா சொல்லு."